மூட்டைகள் குடியிருந்த குகை

ஒரு காட்டில் கடலைப் பார்த்தவர் யாரும் இல்லை. நரி பார்த்ததில்லை. நாரையும் பார்த்ததில்லை. ஓர் ஆறு அந்தக் காட்டுக்குள் புகுந்து கிழக்கே போனது. எங்கே போகிறாய் என்று யாரும் அதைக் கேட்டதில்லை.

காட்டின் நடுவே ஓர் இலுப்பை மரம். அதன் அடியில் ஒரு கல்லூரி. மரம் பூவை உதிர்த்துக்கொண்டே இருக்கும். பூ முதுகில் விழ விழப் பிள்ளைகள் பாடம் கேட்கும். காற்றே இனிக்கும். கண் சொருகும். நாரை வாத்தியார் ஒற்றைக் காலில் நின்று பாடம் சொல்வார். பாதியில் கண்ணை மூடிக்கொள்வார். யோசிக்கிறார் என்று பிள்ளைகள் சொல்லும். தூங்கினார்.

எட்டுக் காட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் படித்தன. மந்தி, கீரி, மான், அணில், எல்லாம் உண்டு. மூட்டையோடு வரும். படிக்கும். போய்விடும். வேறு பிள்ளைகள் வரும். அந்தக் காட்டில் எப்போது பார்த்தாலும் பாதி முகம் புதுசு.

ஆற்றைத் தாண்டினால் ஒரு குன்று. குன்றில் ஒரு குகை. வாய் குறுகல். உள்ளே ஒரு வளைவு. எந்தப் பக்கத்துக் காற்றும் அந்த வளைவைத் தாண்டாது. எந்தக் காலத்திலோ பெருங்காற்று ஒன்று அடித்ததாம். அன்று அதற்குள் ஒதுங்கியவை பிழைத்தனவாம். அதனால் அதற்குக் காற்றுக் குகை என்று பெயர்.

அந்தக் காட்டுக்குச் சட்டம் ஒன்றுதான். காற்றுக் குகை காலியாக இருக்க வேண்டும்.

சட்டம் இருந்தால் காவல் வேண்டுமே. அழுங்கைக் காவல் வைத்தார்கள். அழுங்கு தெரியுமல்லவா? உடம்பெல்லாம் செதில். எறும்பு தின்னும். யாராவது அதட்டினால் பந்தாகச் சுருண்டுவிடும். பிறர் பொருளைத் தொடாது. நல்ல குணம். ஒரே ஒரு குறை. யார் எதைக் கேட்டாலும் "சரி" என்றுதான் அதற்குச் சொல்ல வரும்.

ஒரு விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பிய மந்திப் பிள்ளை குகை வாசலில் வந்து நின்றது.

"அழுங்கண்ணே, ஒரே ஒரு மூட்டை. ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனால் தோள் கழன்றுவிடும். வந்ததும் எடுத்துக்கொள்கிறேன்."

"குகையில் ஒன்றும் வைக்கக் கூடாது தம்பி."

"ஒன்றும் இல்லை அண்ணே. ஒரு மூட்டைதான்."

"சரி," என்றது அழுங்கு.

மந்தி வைத்ததைக் கீரி பார்த்தது. கீரி வைத்ததை மான் பார்த்தது. ஆளுக்கு ஒரு மூட்டை. எல்லாம் விடுமுறை முடிந்ததும் எடுப்பதாகத்தான் சொல்லின. சில எடுத்தன. படிப்பு முடித்துப் போன பிள்ளைகள் எடுக்கவில்லை. படித்து முடித்தவன் பழைய மூட்டைக்காக எட்டுக் காடு தாண்டி வருவானா?

பிறகு கரடி வந்தது. கரடிக்குச் சேர்த்து வைப்பதில் ஆசை. சுரைக்குடுக்கைகளில் தேனை நிரப்பி உருட்டிக்கொண்டு வந்தது.

"வெயிலில் புளித்துப் போகிறது அழுங்கு. ஓரமாக வைக்கிறேன். உனக்கு என்ன போகிறது?"

"சரி அண்ணே."

கடைசியில் நரி. அது கல்லூரி விழாக் கமிட்டித் தலைவர். அப்படி அதுவே சொல்லிக்கொண்டது. மேடை மூங்கிலைக் கட்டுக் கட்டாக இழுத்து வந்தது.

"அழுங்கண்ணே, உங்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒன்றுமே இல்லாத குகைக்குக் காவல் இருந்தீர்கள். வெறும் இடத்தைக் காப்பது ஒரு வேலையா? இப்போது பாருங்கள், உள்ளே சாமான் இருக்கிறது. இனி நீங்கள் வெறும் காவல்காரர் இல்லை, கிடங்கு அதிகாரி!"

அழுங்குக்குச் சட்டம் நினைவுக்கு வந்தது. ஆனால் நரி சொல்வது நன்றாக இருந்தது. "சரி," என்றது.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. மழைக்காலம் தொடங்கும் முன் கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக் குகை வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். வழி தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான் அந்த நடை. ஆனால் ஆற்றங்கரையில் நாவல் மரங்கள் இருந்தன. பிள்ளைகள் அங்கே உட்கார்ந்தன. தின்றன. ஆடின. குளித்தன. பொழுது சாய்ந்தது. "அதோ தெரிகிறதே, அதுதான் குகை" என்று நாரை வாத்தியார் அலகால் காட்டினார். எல்லாம் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பின. அடுத்த வருடமும் அப்படியே. அந்த நடையில் குகைக்குள் எட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை.

ஆற்றோரப் புதரில் ஒரு தாய் முயல் இருந்தது. அதற்கு நான்கு குட்டிகள். இன்னும் ஓடத் தெரியாதவை. அது மட்டும் ஒரு நாள் குன்று ஏறி வந்தது. உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று கேட்டது.

"அண்ணே, காற்று கீற்று வந்தால் என் பிள்ளைகளுக்கு இங்கே இடம் இருக்குமா?"

அழுங்கு திரும்பிக் குகையைப் பார்த்தது. மூட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"இருக்கும் அம்மா," என்றது.

முயல் நம்பிப் போய்விட்டது. அழுங்குக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் மூட்டைகள் மூச்சு விட்டன. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தது. எத்தனை நாளைக்கு!

ஒரு நாள் மதியம் வெயில் மஞ்சளாயிற்று. பழுத்த மஞ்சள். இலைகள் நின்றுவிட்டன. உதிர்ந்த இலுப்பைப் பூ ஒன்று தரைக்கு வரவே நெடுநேரம் ஆனது போல் இருந்தது. குயில் வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. காடே தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தோன்றியது.

அப்போது கிழக்கிலிருந்து வெள்ளைப் பறவைகள் வந்தன. அந்தக் காடு பார்த்திராத பறவைகள். சிறகு நீளம், வால் கத்தரி போலப் பிளவு. கத்தவில்லை. மிதந்து வந்தன. ஒன்று மட்டும் இலுப்பைக் கிளையில் பொத்தென்று விழுந்து உட்கார்ந்தது.

நாரை வாத்தியார் ஒரு கண்ணைத் திறந்தார். "யாரம்மா நீ?"

"ஆலா. கடலிலே மீன் பிடிக்கிற ஆலா."

"இங்கே ஏது கடல்?"

"கடல் எனக்குப் பின்னாலே வருது ஐயா. தண்ணியாக இல்லை. காற்றாக வருது. மூன்று நாளாக எங்களைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கு. ஒதுங்க இடம் இருந்தால் இப்பவே ஒதுங்குங்க."

பிள்ளைகள் வாத்தியாரைப் பார்த்தன. வாத்தியார் நிதானமாக இன்னொரு கண்ணையும் திறந்தார்.

"பதற வேண்டாம். நமக்குத்தான் குகை இருக்கிறதே. வால்களைப் பிடியுங்கள்."

யாரும் பதறவில்லை. குகை இருக்கிறதே! மந்தி நினைத்தது: என் ஒரு மூட்டைதான் உள்ளே இருக்கிறது, தாராளமாக இடம் இருக்கும். கீரியும் அதைத்தான் நினைத்தது. கரடியும், நரியும், மானும் அதையேதான் நினைத்தன. எல்லாம் தன் சாமானைத்தான் எண்ணிப் பார்த்தன.

குகை வாசலுக்கு வந்தன. நின்றன.

"இது என்ன?" என்றது கரடி.

"சாமான்," என்றது அழுங்கு.

"யாருடையது?"

"உங்களுடையது."

எல்லாம் ஒரே நேரத்தில் பேசின.

"நரியின் மூங்கிலை வெளியே எடுங்கள்! அதுதான் பாதிக் குகை!" என்றது கரடி.

"அது பொதுச் சாமான் ஐயா! உங்கள் தேனா பொதுச் சாமான்? முதலில் குடுக்கையை எடுங்கள்!" என்றது நரி.

"பழைய மூட்டைகளை எடுங்கள்," என்றது மந்தி.

"எது பழையது? உன்னுடையதுதான் பழையது. நாறுகிறது," என்றது கீரி.

"வாயை அடக்கிப் பேசு!"

"நீ வாலை அடக்கிப் பேசு!"

இப்படியே நேரம் போயிற்று. ஒரு மூட்டை கூட நகரவில்லை. வடக்கே மரங்கள் குனியத் தொடங்கின.

பிறகு காற்று வந்தது.

பலமானவை முட்டி மோதி மூட்டை இடுக்குகளில் நுழைந்துகொண்டன. கரடி தலையை உள்ளே விட்டுக்கொண்டது. முதுகு வெளியே. மற்றவை பாறையைக் கட்டிக்கொண்டன. தாய் முயல் கடைசியில் வந்தது. அதற்கு வாய் ஒன்று, குட்டிகள் நான்கு. ஒன்றைக் கவ்விக் கொண்டுவந்து வைக்கும். திரும்பி ஓடும். நான்காவது குட்டியோடு வந்தபோது குகை வாயில் ஒரு விரல் நுழைய இடம் இல்லை.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய உருண்டைப் பாறை. அதன் தெற்குப் பக்கம் குட்டிகளைப் போட்டு அவற்றின்மேல் முயல் படுத்துக்கொண்டது. அழுங்கு வந்தது. முயலையும் குட்டிகளையும் சுற்றிச் சுருண்டுகொண்டது. காவல்காரனுக்கே குகையில் இடம் இல்லை.

காற்று காட்டைக் கடலாக்கிவிட்டது. மரங்கள் அலையாக எழுந்து விழுந்தன. கிளைகள் மீன் போல நீந்திப் போயின. இலுப்பைப் பூக்கள் நுரை நுரையாகப் பறந்தன. அழுங்கின் செதில்கள் கலகலவென்று ஆடின. சுருளுக்குள் நான்கு சின்ன நெஞ்சுகள் அடித்துக்கொள்வது அதற்குக் கேட்டது.

திடீரென்று எல்லாம் நின்றது.

விழுந்துகொண்டிருந்த இலை மெதுவாக விழுந்தது. தலைக்கு மேலே மேகம் வட்டமாகத் திறந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பார்த்தால் தெரியுமே, அப்படி ஒரு வட்ட வானம். நீலம். வெயில் கூட இருந்தது. அந்த வட்டத்துக்குள் வெள்ளைப் பறவைகள் சுற்றிச் சுற்றிப் பறந்தன. சொட்டுகிற தண்ணீரின் சத்தம் மட்டும் காடெங்கும் கேட்டது. கனவில் எழுந்து நடப்பவை போல மிருகங்கள் வெளியே வந்தன.

"முடிந்தது!" என்றது நரி. "பார்த்தீர்களா? ஒரு மூங்கில் கூட அசையவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்."

பிள்ளைகள் கிளம்பின. மான் கன்று ஒன்று வெயிலைப் பார்த்துத் துள்ளிக் குதித்தது.

ஆலா பாறைமேல் வந்து இறங்கியது.

"எங்கே போறீங்க? பாதிதான் போயிருக்கு."

"என்னது?"

"இது காற்றோட கண். நடுவிலே இப்படித்தான் சும்மா கிடக்கும். அந்த நீல வட்டம் நகர்ந்தால் மீதி வரும். வடக்கே இருந்து வராது. தெற்கே இருந்து வரும்."

தெற்கே. அழுங்கு உருண்டைப் பாறையைப் பார்த்தது. குட்டிகள் அதன் தெற்குப் பக்கம்தான் கிடந்தன. இனி அந்தப் பாறை மறைக்காது. வடக்குப் பக்கம் செங்குத்துச் சரிவு. அங்கே குட்டிகளை வைக்க முடியாது.

தாய் முயல் எழுந்து உட்கார்ந்தது. கோபப்படவில்லை.

"இடம் இருக்கும் என்று சொன்னீர்களே அண்ணே," என்றது.

அவ்வளவுதான் சொன்னது. அழுங்குக்கு அதட்டல் கேட்டால் சுருண்டுகொள்ளத் தெரியும். இதற்கு எப்படிச் சுருள்வது என்று தெரியவில்லை.

அது குகை வாசலுக்குப் போயிற்று. அங்கே மறுபடியும் அதே சண்டை. நரியின் மூங்கில் முதலில், கரடியின் குடுக்கை முதலில், மந்தியின் மூட்டை முதலில். நீல வட்டம் மெல்ல மேற்கே சரிந்துகொண்டிருந்தது.

கரடி அழுங்கின் பக்கம் திரும்பி உறுமியது. "நீதானே காவல்? சொல்! நான் இந்த நரியின் மூங்கிலைத் தூக்கி வெளியே போடட்டுமா, வேண்டாமா?"

"சரி," என்றது அழுங்கு. "போடுங்கள் அண்ணே."

கரடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே பாய்ந்தது.

நரி பதறி ஓடி வந்தது. அழுங்கின் காதில் கிசுகிசுத்தது. "அப்படியானால் நான் அவர் குடுக்கைகளை உருட்டிவிடுவேன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது."

"சரி, உருட்டுங்கள்."

"கீரியின் மூட்டையை நான் எடுப்பேன்!" என்றது மந்தி.

"சரி."

"மந்தியின் மூட்டையை நான் எடுப்பேன்!" என்றது கீரி.

"சரி தம்பி. சீக்கிரம் எடு."

"அந்தப் புள்ளிமானின் மூட்டை?"

"சரி."

"அணிலுடையது?"

"சரி, சரி, சரி!"

தன் மூட்டையைத் தூக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை. அடுத்தவன் மூட்டை என்றால் பஞ்சு! கரடி மூங்கில் கட்டுகளை ஒவ்வொன்றாக வீசியது. வீசும்போது சிரித்தது. நரி குடுக்கைகளைக் காலால் உதைத்து உருட்டியது. அவை தேனைச் சிந்தியபடி சரிவில் இறங்கிப் போயின. எட்டுக் காட்டு மூட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. யாருடையது என்றே தெரியாத பழைய மூட்டைகளை எல்லாம் சேர்ந்து தள்ளின. அதில் யாருக்கும் வருத்தமில்லை.

குகை காலியாயிற்று. எவ்வளவு பெரிய குகை என்று அப்போதுதான் தெரிந்தது.

"முதலில் முயல்," என்றது அழுங்கு.

யாரும் மறுக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. கரடியே குனிந்து இரண்டு குட்டிகளைக் கையில் அள்ளிக்கொண்டது. முயல் மற்ற இரண்டையும் கொண்டுபோயிற்று. வளைவைத் தாண்டி உள்ளே, கடைசி மூலையில், காய்ந்த மண்ணில் குட்டிகளை இறக்கின. பிறகு பிள்ளைகள். பிறகு வாத்தியார். வெள்ளைப் பறவைகள் சத்தமில்லாமல் நுழைந்து கரடியின் முதுகில் வரிசையாக உட்கார்ந்தன. கடைசியாக அழுங்கு வந்து வாசலில் சுருண்டு அடைத்துக்கொண்டது.

நீல வட்டம் மூடியது.

தெற்கிலிருந்து காற்று வந்தது. இந்த முறை மிருகங்கள் அதைக் குகைக்குள் இருந்து கேட்டன. மிகப் பெரிய மிருகம் ஒன்று தூக்கத்தில் புரண்டு புரண்டு படுப்பது போல இருந்தது. இருட்டில் ஒருவர் மூச்சு இன்னொருவர் கழுத்தில் பட்டது. யார் மூச்சு என்று யாரும் கேட்கவில்லை. உப்பு மணம் வந்தது. கடலைப் பார்க்காத பிள்ளைகள் கடலை முகர்ந்துகொண்டே தூங்கிப்போயின.

விடிந்ததும் வெளியே வந்தன.

உருண்டைப் பாறையின் தெற்குப் பக்கம் புல் இல்லை, மண் இல்லை. வெறும் கல். குட்டிகள் கிடந்த இடம் வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. தாய் முயல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு உள்ளே போய்க் குட்டிகளை ஒருமுறை நக்கிவிட்டு வந்தது.

காட்டில் பாதி மரம் இல்லை. இலுப்பை நின்றது, ஆனால் மொட்டை. மரத்து உச்சிகளில் மூட்டைகள் தொங்கின.

"என் தேனை யார்..." என்று கரடி ஆரம்பித்தது. நரியைப் பார்த்தது. பிறகு மூங்கில் நினைவு வந்தது.

"என் மூங்கிலை யார்..." என்று நரி ஆரம்பித்தது. கரடியைப் பார்த்தது. பிறகு தேன் நினைவு வந்தது.

இரண்டும் வாயை மூடிக்கொண்டன. மந்தியும் கீரியும் வேறு வேறு பக்கம் பார்த்தன.

பிள்ளைகள் விழுந்த மரங்களை நகர்த்தின. வாத்தியார் அன்று தூங்கவில்லை. ஆலாக்கள் சிறகு உலர்ந்ததும் ஆற்றின் வழியே கிழக்கே போயின. அந்த ஆறு எங்கே போகிறது என்று இப்போது எல்லாருக்கும் தெரியும்.

வாரம் ஒன்று போயிருக்கும். நரி ஆற்றில் மிதந்த மூங்கிலைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு குன்று ஏறி வந்தது. வாசலில் அழுங்கு வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அழுங்கண்ணே, நலமா? எல்லாம் நனைந்துவிட்டது பாருங்கள். குகை சும்மாதானே கிடக்கிறது? காயும் வரைக்கும் ஓரமாக..."

அழுங்கு வாயைத் திறந்தது. என்ன வரப்போகிறது என்று நரிக்குத் தெரியும்.

"இடமில்லை நரியாரே," என்று ஒரு குரல் கேட்டது.

குகை வாயில் தாய் முயல் உட்கார்ந்திருந்தது. பின்னால் நான்கு குட்டிகள். அவற்றுக்கு இப்போது ஓடத் தெரிந்திருந்தது.

நரி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. "இடமில்லையா? உள்ளே ஒன்றுமே இல்லையே!"

"இருக்கிறதே. நீங்கள் அன்று படுத்த இடம் அதோ இருக்கிறது. கரடியார் படுத்த இடம் இருக்கிறது. என் பிள்ளைகள் படுத்த இடம் இருக்கிறது. அதையெல்லாம் எடுத்து எங்கே வைப்பது?"

நரி நின்று பார்த்தது. பிறகு மூங்கிலை இழுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டது.

நீதி: ஆபத்துக்கு ஒதுங்கும் இடத்தை, ஆபத்து இல்லாத நாளிலும் காலியாக வைத்திரு.